நாணயமும் நோட்டமும்

நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியின் முனையிலே காசு முடிந்து வைக்கும் வழக்கத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கணவன் கடல் கடந்து சென்றாலும், பிழைப்புக்காக ஊரை விட்டுப் புறப்பட்டாலும், நம் வீட்டுப் பெண்மக்கள் முதலில் செய்வது அதுதான். அந்த முடிச்சு பெட்டியின் அடியிலே கிடக்கும். வேண்டுதல் நிறைவேறியபின் ஊர்த்தெய்வத்தின் சந்நிதியிலே அவிழ்க்கப்படும்.

மும்பை நகரின் வடாலாப் பகுதியிலே எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. மூன்று தலைமுறைகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தாராவித் தோல் பதனிடும் தொழிலிலே வாழ்வு தொடங்கிய குடும்பம். வீட்டை மாற்றும்போது பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சு வெளிப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தால் பதினொரு வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்தவை சில. ஏழாம் எட்வர்டின் தலை பொறித்தவை சில. பாட்டியார் திருச்செந்தூர் முருகனுக்கு முடிந்து வைத்தவை அவை. வேண்டுதல் நிறைவேறியதோ இல்லையோ, காசு மட்டும் சந்நிதிக்குப் போய்ச் சேரவில்லை.

பிள்ளைகள் இருவருக்குமிடையே விவாதம் எழுந்தது. பழைய நாணயங்களை அயல்நாட்டு நிபுணர்களுக்கு அஞ்சலில் அனுப்பினால், அவர்கள் சோதித்துத் தரம் குறித்து, கண்ணாடி போன்ற பேழையிலே அடைத்து அனுப்புவார்களாம். அதன்பின் விலை பன்மடங்கு உயருமாம் என்றார் இளையவர். சுவாமிக்கு முடிந்த காசை விற்கலாமோ என்று தயங்கினார் மூத்தவர். எண்பது வயதைக் கடந்த அவர்களுடைய அன்னையார் ஒன்றும் பேசவில்லை.

அந்த முடிச்சை முன்னிட்டே இன்று நாணய சோதனையின் வரலாற்றைச் சிறிது சிந்திப்போம். ஒரு நாணயத்தை நிபுணனிடம் ஒப்படைத்து, அவன் கூறும் தரத்தை உலகம் ஏற்றுக்கொள்ளும் முறை அமெரிக்காவிலே நேற்றுத் தோன்றிய புதுமையா? அன்று. அது நம்மவர்க்கு மிகப் பழைய வழக்கம்.

சங்கப் புலவர்களின் பெயர்களை நோக்குங்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என வண்ணக்கர் பலர் காணப்படுகின்றனர். வண்ணக்கன் என்பவன் நாணயத்தின் வண்ணத்தையும் மாற்றையும் ஆராய்பவன் என்று அறிஞர் பொருள் கூறுவர். பொன்னை ஆராய்ந்த கண்களே பொருளையும் ஆராய்ந்து பாட்டிசைத்தன. வடநாட்டிலே கௌடிலியரின் அர்த்தசாத்திரம், நாணயங்களைச் சோதிக்கும் அதிகாரியை ரூபதர்சகன் என்று குறிப்பிட்டு, அவனுக்கு அரசாங்கத்திலே தனி இடம் அளிக்கிறது.

பின்னாளில் தமிழிலே இத்தொழிலுக்கு நோட்டம் என்றும், தொழிலாளிக்கு நோட்டக்காரர் என்றும் பெயர் வழங்கின. நாணயம் அடிக்கும் இடத்தை அக்கசாலை என்றனர். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையின் அருகே அக்கசாலை என்னும் சிற்றூர் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையிலே தங்கசாலைத் தெரு இருப்பதை நேயர்கள் அறிவர். இவையனைத்தினும் சிறந்த சான்று, நாணயம் என்னும் சொல்லேயாகும். காசையும் நாணயம் என்கிறோம். சொன்ன சொல் தவறாத மனிதனையும் நாணயமானவன் என்கிறோம்.

சோதனை செய்த காலத்தின் தழும்புகள் சில நாணயங்களிலேயே தெரிகின்றன. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையிலே ரோமாபுரிப் பொற்காசுகள் 501 கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின்மீது குறுக்கே ஒரு வெட்டு காணப்படுகிறது. இந்தக் காசு இனி ரோமானியக் காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே மதிக்கப்படும் என்பதற்கு அடையாளமாக அந்த வெட்டு இடப்பட்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. இன்றைய தரநிர்ணயக்காரன் காகிதத்திலே எழுதும் முடிவை, அன்றைய ஒருவன் உளியாலே எழுதிவிட்டான்.

சோழர் காலத்திலோ எடைக்கல்லுக்கே பெயரிட்டனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு இராசராசன் அளித்த பொன்னெல்லாம் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. கொடுத்தவன் மன்னனே ஆயினும், நிறுத்தே பெற்றுக்கொண்டனர்.

பொன்னை உரைகல்லிலே உரைத்து மாற்று அறிவது எளிது. வெள்ளியைச் சோதிப்பது சற்றுக் கடினம். நோட்டக்காரர் காசைக் கல்லின்மேல் விழச்செய்து ஓசையைக் கேட்பார். விரலிடையிலே உருட்டி விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஐயம் இருந்தால் சிறிது வெட்டிப் பார்ப்பார். ஆயிரம் காசுகளுக்கு நடுவே ஒரு கள்ளக் காசைக் கேட்டே பிரித்துவிடும் செவி அவர்களுக்கு இருந்தது.

முகலாயர் ஆட்சிக் காலத்தில் சராப்கள் இக்கலையை ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்த்தனர். அக்காலத்து ரூபாயின்மேல் அரசன் பட்டத்துக்கு வந்த எத்தனையாவது ஆண்டு என்பது பொறிக்கப்பட்டிருக்கும். புத்தம் புதிய ரூபாய்க்கு முழு மதிப்பு. ஓராண்டு கழிந்தால், தேய்மானம் உண்டோ இல்லையோ, வட்டம் என்ற பெயரால் மதிப்பிலே ஒரு பங்கு கழிக்கப்படும். வங்காளத்திலே முதல் ஆண்டு கழிந்ததும் நூற்றுக்கு மூன்று, அடுத்த ஆண்டு நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கு வழங்கியது. இந்தத் தொல்லையை ஒழிக்கவே, கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காள ரூபாயின்மேல் ஷா ஆலத்தின் 19-ஆம் ஆட்சியாண்டையும், சூரத்து ரூபாயின்மேல் 46-ஆம் ஆண்டையும் நிலையாக நிறுத்திவிட்டனர். ஆண்டுகள் ஓடின, நாணயத்தின் வயது மட்டும் நின்றுவிட்டது!

சராப்களின் ஏற்பாட்டிலே நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டுவது அவர்களுடைய பைமுத்திரையாகும். காசுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, இனம் பிரித்து, எண்ணி, பையிலே இட்டு வாயைக் கட்டுவர். அதன்மேல் அரக்கிட்டுத் தம் முத்திரையைப் பதிப்பர். அந்த முத்திரை உடையாதவரை, பை திறக்கப்படாமலே கைமாறும். உள்ளே இருப்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை; சராப்பின் பெயரையே எண்ணிப் பார்த்தனர். இன்று அமெரிக்காவிலே முத்திரையிட்ட நெகிழிப் பேழைக்குள் நாணயம் இருக்கிறதே, அதற்கும் இந்தப் பைக்கும் வேற்றுமை என்ன? துணி நெகிழியாயிற்று, அரக்கு பசையாயிற்று. நம்பிக்கை என்னும் சரக்கு ஒன்றே.

தென்னாட்டிலே வேறொரு சிக்கல் இருந்தது. நம் பணம் என்னும் நாணயம் அரிசி மணியினும் சற்றே பெரிது. எண்ணும்போது விரலிடுக்கிலே மறைந்துவிடும். ஆகவே குழிகள் வரிசையாகத் தோண்டிய மரப்பலகை ஒன்றைக் கையாண்டனர். பிடி காசை அதன்மேல் கொட்டி மெல்ல அசைத்தால், குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். மிகுந்ததைத் தட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. சென்னையிலே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற கணக்கு வழங்கியது. 1818-ஆம் ஆண்டில் வராகன் தன் அரியாசனத்தை இழந்து, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்ற விகிதத்தில் ரூபாய்க்கு வழிவிட்டது.

இனி நாம் வாழும் நகருக்கு வருவோம். பம்பாயிலே கம்பெனியார் நாணயம் அடிக்கத் தொடங்கியது ஜெரால்டு ஆஞ்சியர் ஆளுநராக இருந்த காலத்தில், 1672-ஐ ஒட்டியாகும். கோட்டைப் பகுதியிலே, நகர மண்டபத்தை அடுத்துத் தூண்களோடு நிமிர்ந்து நிற்கும் நாணயச் சாலை 1829-இல் கட்டி முடிக்கப்பட்டது. பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜான் ஹாக்கின்ஸ் அதனை அமைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த நீராவி இயந்திரங்கள் அங்கே இயங்கின. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. அதில் 165 பங்கு தூய வெள்ளி, 15 பங்கு கலப்பு. இயந்திரம் அடித்த ரூபாய்கள் யாவும் ஒரே எடை, ஒரே மாற்று. அன்றே நோட்டக்காரரின் செல்வாக்கு சரியத் தொடங்கியது.

சென்னை நாணயச் சாலை 1869-இல் மூடப்பட்டது. அதன்பின் தமிழகத்திலே புழங்கிய வெள்ளி ரூபாய்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தன. இதை எண்ணிப் பாருங்கள், நேயர்களே! பம்பாய்க் கோட்டையிலே அடித்த ரூபாய் ஒன்று, நெல்லைச் சந்தையிலே நெல்லுக்கும் கருப்பட்டிக்கும் கைமாறி, ஒரு பாட்டியின் மஞ்சள் துணியிலே முடியப்பட்டு, தகரப் பெட்டியோடு மீண்டும் பம்பாய்க்கே வந்து, தான் பிறந்த இடத்துக்குச் சில கல் தொலைவிலே வடாலாவில் உறங்கியிருக்கலாம். வடாலா ரோடு நிலையத்திலே துறைமுகப் பாதை வண்டி ஏறினால், அதன் பிறந்தகத்தை அரை மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அடைந்துவிடலாம்.

ஒரு ரூபாய் எங்கே பிறந்தது என்பதை அதன் அடையாளமே சொல்லும். விக்டோரியா காலத்துப் பம்பாய் ரூபாய்கள் பலவற்றில் ஆண்டுக்குக் கீழே நுண்ணிய 'பி' எழுத்து காணப்படும். ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் தாமரையின் கீழ் ஒரு சிறு புள்ளி. சுதந்திரத்துக்குப்பின் ஆண்டுக்குக் கீழே ஒரு வைர வடிவம். கல்கத்தாவுக்கு அடையாளம் இல்லை. அடையாளம் இல்லாமையே அதன் அடையாளம்.

சில ஆண்டுக் காசுகள் ஏன் அருமையாயின? 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்வோம். மன்னரின் மேலாடையிலே யானை உருவம் ஒன்று உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்தமையால், அது பன்றி என்று மக்கள் கருதி வெறுத்தனர். 94 லட்சம் அடிக்கப்பட்டும் 7 லட்சமே வெளிவந்தன. வந்தவற்றிலும் பல திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே யானைக்குத் துதிக்கை நீண்டது! 1918-இல், போர்க்கால நெருக்கடியிலே, பம்பாயில் லண்டன் அரச நாணயச் சாலையின் கிளை ஒன்று அமைந்து, 12,95,372 பொற்சவரன்களை அடித்தது. அவற்றில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' எழுத்து உண்டு. அடுத்த ஆண்டே அக்கிளை மூடப்பட்டது. 1939-ஆம் ஆண்டுப் பம்பாய் வெள்ளி ரூபாயோ மிகச் சிலவே எஞ்சிக் கிடைப்பது. அதனால் அதன் பெயரிலே போலிகளும் மிகுதி.

1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1941 முதல் 1943 வரை பழைய வெள்ளி ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 1947-இல் வெள்ளி அறவே நீங்கி நிக்கல் ரூபாய் வந்தது. நம் பாட்டிமார் முடிந்து வைத்த காசு, அவர்கள் அறியாமலே காசு என்னும் நிலையை இழந்து, சின்னமாகிவிட்டது.

சின்னமான பிறகு எடையும் மாற்றும் மட்டும் போதா. அதன் மேனியே விலை பெறுகிறது. வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1949-இல் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்கென ஒன்று முதல் எழுபது வரை ஒரு தர அளவை வகுத்தார். மிகத் தேய்ந்த காசுக்கு ஒன்று. பழுதற்ற காசு அதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அன்றைய சந்தைக் கணக்கு. அந்த அளவையைக் கொண்டே 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்னும் அமெரிக்க நிறுவனங்கள் நாணயங்களை அஞ்சலில் பெற்று, தரம் குறித்து, முத்திரைப் பேழையிலிட்டுத் திருப்பி அனுப்பத் தொடங்கின. வாங்குவோனும் விற்போனும் அல்லாத மூன்றாமவன் தீர்ப்புக் கூறுவதே இம்முறையின் உயிர்நாடி.

தீர்ப்புக்கு அனுப்புமுன் நாணயத்தைக் கட்டுவதும் ஒரு கலையே. முதற்பாடம், காசைக் கழுவாதிருத்தல். நம் இல்லங்களிலே புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று துலக்குவது பூசைப் பாத்திரத்துக்கு அழகு. நாணயத்துக்கு அதுவே அழிவு. பல்லாண்டுகளாகப் படிந்த கருமைப் படலம் அதன் மேனியைக் காக்கும் போர்வையாகும். துலக்கிய காசை நிபுணர் ஒரு நோக்கிலே கண்டுகொள்வர்; அதற்கு எண் தராமல், துலக்கப்பட்டது என்றே எழுதிவிடுவர்.

இரண்டாவது, காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் பிடித்தல். மூன்றாவது, ஒவ்வொரு காசுக்கும் தனி உறை. அவ்வுறை மென்மையான பி.வி.சி. நெகிழியாக இருத்தல் ஆகாது. அது நாளடைவிலே பச்சைப் பசையைக் கசியவிட்டு உலோகத்தை அரிக்கும். ரப்பர் வளையத்திலும் மட்டக் காகிதத்திலும் கந்தகம் உண்டு. அது வெள்ளியைக் கறுக்கச் செய்யும். உறையிட்ட காசுகளை இரு அட்டைகளுக்கிடையே அசையாதவாறு ஒட்டி, சிறு பெட்டியில் வைத்து, அதனைப் பெரிய பெட்டியில் வைத்துச் சுற்றிலும் பஞ்சோ காகிதமோ திணித்தல் வேண்டும். குலுக்கிப் பார்த்தால் ஓசை எழலாகாது; ஓசை கேட்டால் திருடனுக்கும் கேட்கும். ஆண்டு, அடையாளம், எடை குறித்த பட்டியல் ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும்; அதன் படி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். உள்ளிருப்பது நாணயம் என்று வெளியே அறிவிக்கும் எழுத்துக்களை உறைமேல் தவிர்த்தல் நன்று. இந்திய அஞ்சல்துறை 1878 முதலே காப்பீட்டு அஞ்சலை நடத்திவருகிறது. விலையுள்ள பொருளை அதன் பாதுகாப்பின்றி அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

வடாலாவிலும் செம்பூரிலும் வாழ்வோர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை. கடற்காற்றும் உப்பளக் காற்றும், செம்பூர்ப் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையும் உலோகத்துக்கு நண்பர்கள் அல்லர். மழைக்காலத்திலே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றைப் பெட்டியிலே இட்டு வைப்பது நல்லது. மஞ்சள் துணி தெய்வத்துக்கு உகந்தது. ஈரத்தை ஈர்ப்பதால் வெள்ளிக்கு உகந்ததன்று.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பலர் அறியாமலே அதில் தவறுகின்றனர். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனிமனிதர் எவரும் இந்தியாவுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. திரும்ப வரவழைக்கும் எண்ணத்தோடு அனுப்பினேன் என்பது விடையாகாது. நாட்டின் எல்லையைக் கடத்துவதே ஏற்றுமதி எனச் சட்டம் கூறுகிறது. மீறுவோர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. 1911-ஆம் ஆண்டுப் பன்றி ரூபாய் 2011-இல் தொல்பொருளாயிற்று. 1918-ஆம் ஆண்டுச் சவரன் 2018-இல் ஆயிற்று. ஆண்டுதோறும் ஓராண்டுக் காசு இவ்வரிசையிலே சேர்கிறது. வயதிலே ஐயமுள்ளவர்கள் இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பித்து, தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழ் பெற்ற பின்னரே அனுப்புதல் வேண்டும். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த காசாயின், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் ஆட்சியரிடம் அறிவிக்குமாறு பணிக்கிறது.

அப்படியாயின் வடாலா இல்லத்துப் பதினொரு ரூபாய்கள் என்னவாயின? அவை யாவும் நூறாண்டைக் கடந்தவை. அஞ்சலில் அயல்நாடு செல்லும் பேச்சு அத்துடன் முடிந்தது. இளையவர் ஆவலிலே இரண்டைப் புளியிட்டுத் துலக்கிவிட்டிருந்தார். கோட்டைப் பகுதி நாணய வணிகர் ஒருவர் ஒன்பதை நோக்கி மகிழ்ந்து, பளபளத்த இரண்டையும் வெள்ளி விலைக்கே மதித்தார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

அன்று மாலைதான் அன்னையார் வாய் திறந்தார். தம் மாமியார் அந்த முடிச்சை முடிந்த கதை அது. தாராவிக் குடிசைகளிலே கொள்ளைநோய் பரவிய நாட்களில், கைக்குழந்தையைக் காப்பாற்றித் தந்தால் பதினொரு வெள்ளி செலுத்துவதாக அவர் வேண்டிக்கொண்டாராம். கணவரின் கூலியிலிருந்து ஒவ்வொரு காசாகச் சேர்த்தாராம். பதினோராவது காசு சேர்ந்தபோது, ஊருக்குப் போக வண்டிக் கட்டணம் இல்லை. அந்தக் கைக்குழந்தைதான் இந்தப் பிள்ளைகளின் தந்தை.

அதற்குமேல் விவாதம் எழவில்லை. சகோதரர் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமர்ந்து, ஒவ்வொரு காசின் ஆண்டையும் அடையாளத்தையும் எடையையும் குறித்தனர். இருபுறமும் படம் எடுத்தனர். அன்னையார் சொன்ன கதையையும் அதே ஏட்டிலே எழுதினர். எழுதும்போதுதான் தெரிந்தது, பதினொன்றில் ஏழு பம்பாயிலேயே பிறந்தவை என்று. அதன்பின் புதிய மஞ்சள் துணியிலே முடிந்து, மூவரும் திருச்செந்தூர் சென்று உண்டியலிலே செலுத்தினர். கழுவிய இரண்டும் கழுவாத ஒன்பதும் அங்கே ஒன்றாகவே விழுந்தன.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு முடிச்சு இருக்கலாம். விற்பதும் வைப்பதும் செலுத்துவதும் உங்கள் விருப்பம். கோட்டைப் பகுதியிலே ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம், 2004-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது, இருக்கிறது. அங்குள்ள காசுகளோடு உங்களுடையதை மனத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயினும் காசை எந்தப் பெட்டியிலே எந்த உறையிலே வைத்தாலும், அதனோடு ஒரு துண்டுக் காகிதமும் இருக்கட்டும்: இது யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்காக வைக்கப்பட்டது என்று. எடையை எந்த நோட்டக்காரரும் சொல்லிவிடுவார். இதைச் சொல்ல வல்லவர் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரே. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.